அயர்லாந்து நகையில் நம்ம திருச்சி பேரு! அர்த்தத்தோடு ஒரு பரிசு கொடுக்க ஆசையா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு ஒரு குட்டி டப்பா வந்து சேர்ந்தது. அனுப்பியது என் அக்கா, பெரியம்மாவின் ஒரே மகள். அயர்லாந்தின் கால்வே நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். கூட வேலை பார்ப்பவர் லீவில் ஊருக்கு வந்தபோது கொடுத்தனுப்பியிருந்தாள்.

டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளி மோதிரம். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு கை... நடுவுல ஒரு இதயம்... மேல கிரீடம். என்னடி இது, ஏதோ கட்சி சின்னம் மாதிரி இருக்கு?"

ரெண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் பெரியம்மா மோதிரத்தை மறுபடியும் டப்பாவில் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"நான் இதெல்லாம் போடலாமாடி?"

பெரியப்பா போய் ரெண்டு வருஷம் ஆகிறது. தாலியும் மெட்டியும் பீரோவில், ஒரு பழைய மஞ்சள் துணிக்குள் இருக்கின்றன. அதற்குப் பிறகு பெரியம்மா புதிதாக எதையும் போட்டுக்கொண்டதில்லை. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. "இருங்க பெரியம்மா, இது என்னன்னு விசாரிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விசாரிக்கப் போன இடத்தில் கடைசியில் நம்ம திருச்சியே வந்து நின்றது என்பதுதான் ஆச்சர்யம்!

ரெண்டு கை, ஒரு இதயம், ஒரு கிரீடம்

இந்த மோதிரத்துக்கு 'கிளாடா மோதிரம்' என்று பெயர். கிளாடா என்பது கால்வே நகரத்தின் மதில் சுவருக்கு வெளியே இருந்த மீனவர் கிராமம். கூரை வீடுகள் நிறைந்த அந்தப் பழைய கிராமத்தை 1930-களில் இடித்துவிட்டுப் புது வீடுகள் கட்டிவிட்டார்கள். கிராமம் உருமாறிப் போனாலும் அதன் பெயர் உலகம் முழுக்க விரல்களில் வாழ்கிறது.

அர்த்தம் ரொம்ப எளிமை. ரெண்டு கைகள் நட்புக்கு. இதயம் அன்புக்கு. கிரீடம் விசுவாசத்துக்கு.

இதைச் செய்தவராகச் சொல்லப்படுபவர் ரிச்சர்ட் ஜாய்ஸ் என்ற கால்வே பொற்கொல்லர். அவரைக் கடற்கொள்ளையர்கள் பிடித்து வட ஆப்பிரிக்காவில் அடிமையாக விற்றுவிட்டார்கள். வாங்கிய எஜமானர் பொன் வேலை செய்பவர். அவரிடமே தொழில் கற்றுக்கொண்ட ஜாய்ஸ், 1689-ல் இங்கிலாந்தின் அரசரான மூன்றாம் வில்லியம் காலத்தில் விடுதலையாகி ஊர் திரும்பி, இந்த மோதிரத்தைச் செய்தார். இப்படிப் போகிறது கதை. கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். ஆனால் 1700-ஐ ஒட்டி அவர் முத்திரையோடு செய்யப்பட்ட மோதிரங்கள் இன்றும் இருக்கின்றன. கை கோத்த டிசைன் மட்டும் அதைவிடப் பழசு, ரோமானியர் காலத்திலேயே உண்டு.

போட்டுக்கொள்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வலது கையில், இதயத்தின் நுனி வெளிப்பக்கம் பார்த்தபடி போட்டால் 'மனசு இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை'. அதே வலது கையில் நுனி நம்மைப் பார்த்து இருந்தால் 'மனசில் ஒருத்தர் இருக்கிறார்'. இடது கையில் வெளிப்பக்கம் பார்த்தால் நிச்சயமாகிவிட்டது. இடது கையில் உள்பக்கம் பார்த்தால் கல்யாணம் முடிந்துவிட்டது. மோதிரம் ஒன்றேதான். திருப்பிப் போட்டால் அர்த்தம் மாறிவிடும்!

இன்னொரு வழக்கமும் உண்டு. கால்வே பக்கத்துக் குடும்பங்களில் இது அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். இங்கே மகளிடமிருந்து அம்மாவுக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வாசல் கோலம் மாதிரியே ஒரு முடிச்சு!

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்ஸின் பிரிட்டனி... இங்கெல்லாம் பேசப்பட்ட, இன்றும் சில இடங்களில் பேசப்படும் மொழிகளுக்குப் பொதுப்பெயர் கெல்டிக். அந்த மண்ணின் பழைய வடிவங்களை வைத்துச் செய்வதைத்தான் 'கெல்டிக் நகை' என்கிறார்கள். அதில் கிளாடாவுக்கு அடுத்தபடி பிரபலம், முடிச்சு டிசைன். மூன்று இதழாக வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் ஒரே கோடு. அதை 'டிரினிட்டி நாட்' என்பார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பாதுகாக்கப்படும் 'கெல்ஸ் புத்தகம்' என்ற, சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய கையெழுத்துப் பிரதியின் பக்கங்களில் இந்த மாதிரிப் பின்னல்கள் நிறைய இருக்கின்றன.

போட்டோவைக் காட்டியதுமே பெரியம்மா சொன்ன வார்த்தை: "இது நம்ம சிக்குக் கோலம்டி!"

உண்மைதான். மார்கழியில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடந்து பாருங்கள். புள்ளிகளைச் சுற்றி வளைந்து, எங்கேயும் அறுபடாமல், தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரும் கம்பிக் கோலத்துக்கும் அந்த முடிச்சுக்கும் வேலை ஒன்றுதான். நம்ம கோலத்தைக் கணக்காக எடுத்து ஆராய்ந்தவர்களும் உண்டு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, 1970-களில் கோலங்களைக் கம்ப்யூட்டர் அறிவியலோடு சேர்த்து ஆய்வு செய்தவர்.

முடிச்சுக்கு என்ன அர்த்தம்? கிறிஸ்தவர்களுக்கு அது பரிசுத்த திரித்துவம். இன்றைய கடைக்காரர்கள் இறந்தகாலம் - நிகழ்காலம் - எதிர்காலம், உடல் - மனம் - ஆன்மா என்று விதவிதமாக எழுதி ஒட்டுகிறார்கள். இவற்றில் பல அர்த்தங்கள் நம் காலத்தில் சேர்ந்தவை. அதனால் என்ன? நாமும்தான் தாலியின் மூன்று முடிச்சுக்கு மனம், வாக்கு, செயல் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறோம்.

'டிரிச்சினாப்பலி' சங்கிலி

இப்போது அந்த ஆச்சர்யத்துக்கு வருவோம். அயர்லாந்தின் பழைய நகைகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வார்த்தையில் கண் நின்றுவிட்டது. 'டிரிச்சினாப்பலி'. வெள்ளைக்காரர்கள் திருச்சிராப்பள்ளிக்கு வைத்த பெயர்!

மெல்லிய வெள்ளி அல்லது தங்கக் கம்பியை ஸ்வெட்டர் பின்னுவதுபோல வளையம் வளையமாகக் கோத்துப் பின்னிய சங்கிலிக்கு, தொல்லியல் துறையில் வழங்கும் பெயர்களில் ஒன்று 'டிரிச்சினாப்பலி'. ஐரோப்பாவின் வைக்கிங் காலத்துச் சங்கிலிகளையும், அயர்லாந்தின் பழைய பின்னல் வேலைகளையும் விவரிக்கும்போது ஆய்வாளர்கள் நம்ம ஊர்ப் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

ஓர் உதாரணம். 1980 பிப்ரவரியில் அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தில், டெரினாஃப்ளான் என்ற இடத்தில் ஒரு புதையல் கிடைத்தது. மாதா கோயில் பூஜைக்கான கிண்ணம், தட்டு என்று எல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. அந்தத் தட்டின் விளிம்பில் இருக்கும் கம்பிப் பின்னல் வேலைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் டிரிச்சினாப்பலி. இப்போது டப்ளினில் இருக்கும் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். 1850-ல் கடற்கரை ஓரம் கிடைத்த புகழ்பெற்ற 'டாரா புரூச்' என்ற சேலை பின் மாதிரியான நகையும் அங்கேதான் இருக்கிறது. அதிலும் பின்னிய வெள்ளிக் கம்பியில் ஒரு சின்னச் சங்கிலி தொங்குகிறது.

'அப்படியென்றால் திருச்சியிலிருந்து அந்தக் காலத்திலேயே நகை அயர்லாந்துக்குப் போனதா?' என்று உடனே வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு பண்ணிவிடாதீர்கள் மக்களே. அப்படி இல்லை. 19-ம் நூற்றாண்டில் திருச்சி ரெண்டு விஷயங்களுக்கு வெள்ளைக்காரர்களிடம் பேர்போனது. ஒன்று சுருட்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையிலேயே (1887) சாம்பலைப் பார்த்து 'இது டிரிச்சினாப்பலி சுருட்டு' என்று கண்டுபிடிப்பார். இன்னொன்று பொற்கொல்லர்களின் மெல்லிய சங்கிலி, கம்பி வேலை. மண்ணுக்கடியிலிருந்து பின்னல் சங்கிலி கிடைத்தபோது, 'இது நாம பார்த்த திருச்சி சங்கிலி மாதிரி இருக்கே' என்று அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தச் சங்கிலிகளைச் செய்தது வேறு கைகள். ஆனால் அதற்குப் பெயர் சொல்ல உலகத்துக்குத் திருச்சிக் கைகள் தேவைப்பட்டிருக்கின்றன. அதுவே பெருமைதானே!

செய்முறையும் அழகு. ஒரு குச்சியைச் சுற்றிக் கம்பியை வளையமாக வளைத்து, அடுத்த வரிசையை மேல் வரிசையின் வளையத்துக்குள் விட்டு இழுப்பார்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் பற்ற வைக்கும் வேலை கிடையாது. பின்னி முடித்ததும் குச்சியிலிருந்து உருவி, துளை போட்ட பலகை வழியாக இழுப்பார்கள். பெரிய துளை, அதைவிடச் சின்னத் துளை, இன்னும் சின்னத் துளை... இழுக்க இழுக்கச் சங்கிலி மெலிந்து, நீண்டு, கயிறு மாதிரி வளையும்.

நம்மகிட்டயும் இருக்கு... அர்த்தம் சொல்லும் நகை!

'அடையாளம் சொல்லும் நகை' என்பது அயர்லாந்துக்கு மட்டும் சொந்தமா என்ன?

ஐம்படைத் தாலி: திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், கதை ஆகிய ஐந்து ஆயுதங்களையும் சின்னஞ்சிறு வடிவில் கோத்து, குழந்தைக்குக் காவலாகக் கட்டுவது. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில், தேவர்கள் ஆளுக்கொரு நகை அனுப்புவார்கள். அதில் குபேரன் அனுப்புவது ஐம்படையும் ஆரமும். தொட்டில் பரிசுக்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் வேண்டுமா? புறநானூற்றில், போருக்கு வந்த பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு இளையவன் என்று காட்ட, 'இன்னும் தாலிகூடக் கழற்றவில்லை' என்கிறார் புலவர். அங்கே தாலி என்பது ஒரு பையனின் கழுத்தில் இருந்த காவல் நகை!

கணையாழி: ராமன் கொடுத்து, அனுமன் கொண்டுபோய், சீதை கையில் சேர்ந்த மோதிரம். 'நான் இருக்கிறேன், வருகிறேன்' என்ற சேதி அதில் இருந்தது. அதைப் பாடிய கம்பரின் ராமாயணம் அரங்கேறியது ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதி எதிரே உள்ள மண்டபத்தில்தான் என்பது ஊர் வழக்கு. அதே கோயிலில் பங்குனித் திருவிழாவில் இன்னொரு மோதிரக் கதையும் உண்டு. நம்பெருமாள் உறையூர் போய் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுவார். பிறகு உத்திரத்தன்று தாயார் சந்நிதிக்கு வந்தால், ரங்கநாச்சியார் கோபத்தில் கதவைச் சாத்திக்கொள்வார். 'மோதிரம் தொலைஞ்சுபோச்சு, தேடப் போனேன்' என்று பெருமாள் சமாதானம் சொல்வதாகக் கதை. கடைசியில் நம்மாழ்வார் வந்துதான் சமாதானம் பண்ணிவைப்பார்.

காவிரிக்குத் தாலி: ஆடி மாதம் அம்மா மண்டபம் படித்துறைக்கு எழுந்தருளும் நம்பெருமாள், காவிரித் தாய்க்குச் சீர் கொடுப்பார். புடவை, மாலை, தாம்பூலத்தோடு தாலியும் அந்தச் சீரில் உண்டு. யானை மேல் கொண்டுவந்து ஆற்றில் விடுவார்கள்.

தாலியிலேயே எத்தனை அடையாளம்! நாமம், சங்கு - சக்கரம், லிங்கம், சிலுவை, பொட்டு... குலத்தையும் நம்பிக்கையையும் ஒரு குந்துமணி அளவு தங்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வி...

இதையெல்லாம் பெரியம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"எல்லாம் சரிதான். ஆனா நம்ம நகை எல்லாம் யாரோ ஒருத்தரை நம்பித்தானே இருக்கு? அவர் போனா அதுவும் போயிடுது."

எனக்குப் பேச்சு வரவில்லை. பெரியப்பாவுக்குப் பத்தாம் நாள், பெரியம்மாவின் கழுத்திலிருந்து அது இறங்கியபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். நாற்பது வருஷத்து நகை. யாரும் அவரிடம் 'கழற்றலாமா' என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இது மாறவே மாறாத விஷயமும் இல்லை. மகாராஷ்டிராவின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்ற கிராமம், 2022 மே மாதம் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டது. கணவர் இறந்தால் மனைவியின் தாலியைக் கழற்றுவது, வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது எதுவும் எங்கள் ஊரில் இனி கிடையாது என்று. அடுத்த சில நாளிலேயே அந்த மாநில அரசும் மற்ற ஊராட்சிகளை இதைப் பின்பற்றச் சொன்னது. நம்ம ஊரிலும் தாலியைக் கழற்றாமல் வைத்துக்கொள்பவர்கள், பொட்டு வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா கடல் தாண்டி இருந்துகொண்டு அந்த மோதிரம் மூலமாகச் சொன்னது அதைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

நீங்களும் கொடுக்கப் போறீங்களா? இதைக் கவனிங்க!

* அர்த்தத்தை எழுதிக் கொடுங்கள். கெல்டிக் டிசைனோ, ஐம்படையோ, அது என்ன சொல்கிறது என்று நாலு வரி கைப்பட எழுதி டப்பாவில் வையுங்கள். அர்த்தம் தெரியாவிட்டால் அது வெறும் டிசைன்தான்.

* யாருக்கு எது? நெருங்கிய தோழிக்கு, அம்மாவுக்கு, அக்கா தங்கைக்கு கிளாடா பொருந்தும். முதல் அர்த்தமே நட்புதான். பிரிந்து தூரம் போகிறவர்களுக்கு முடிவில்லாத முடிச்சு. பிறந்த குழந்தைக்கு நம்ம ஐம்படை. ஆனால் கழுத்தில் கட்டுவதானால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குழந்தை தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

* கெல்டிக் சிலுவை வாங்கினால் நீண்ட காலும் நடுவில் வளையமும் உள்ள பாரம்பரிய வடிவமாகப் பாருங்கள். வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட குட்டை வடிவத்தை ஐரோப்பாவில் சில இனவெறிக் கும்பல்கள் தங்கள் அடையாளமாக வைத்திருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவருக்குக் கொடுக்கும்போது தர்மசங்கடம் வேண்டாம்.

* வெள்ளி என்றால் 92.5 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விலை மலிவான 'வெள்ளி மாதிரி' நகைகளில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

* தங்கம் என்றால் பி.ஐ.எஸ். முத்திரை, தூய்மை அளவு (22 காரட்டுக்கு 916), எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்.யு.ஐ.டி. இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

* செய்யச் சொல்வதானால் செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, எழுதி வாங்குங்கள். படத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. மோதிரத்தின் உள் அளவு, எடை, பின்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

* வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி கட்ட வேண்டி வரலாம். ஆர்டர் போடும் முன் அதையும் கணக்கில் சேருங்கள்.

பெரிய கடை வீதியில் ஒரு மாலை

அக்கா அனுப்பிய மோதிரம் பெரியம்மாவின் விரலுக்குச் சின்னது. மூட்டு வலியில் விரல் கணு தடித்திருக்கிறது. 'அளவு சரியில்ல, எடுத்து வெச்சுடு' என்று அவர் சாக்குச் சொல்வதற்குள், பஸ் ஏற்றி மலைக்கோட்டைப் பக்கம் கூட்டிப் போனேன். பெரிய கடை வீதியை ஒட்டிய சந்தில், தெரிந்த ஆசாரி ஒருவரின் பட்டறை.

அவர் மோதிரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்லு இல்லாதது நல்லதாப் போச்சும்மா. கல் இருந்தா சூடு காட்டுறதுக்கு முன்னாடி கழட்டணும்" என்றார். பின்பக்கம் அறுத்து, ஒரு துண்டு வெள்ளி வைத்து, ஊதிப் பற்ற வைத்து, ராவி, மெருகு போட்டு, அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார். காத்திருந்த நேரத்தில் போனில் அந்தப் பின்னல் சங்கிலியின் படத்தைக் காட்டி, 'இதுக்கு ஃபாரின்ல நம்ம ஊர் பேரு தெரியுமாண்ணா?' என்று கேட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், பேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கம்பி ஒரே சீரா இருக்கு பாரு, நல்ல கை" என்றார்.

வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டார். "எந்தக் கையிலடி போடணும்? நீ ஏதோ கணக்கு சொன்னியே. புருஷன் போனவங்களுக்கு எந்தப் பக்கம்?"

அந்தக் கணக்கில் அதற்குத் தனியாக ஒரு வரி இல்லை. அக்காவுக்கு வாட்ஸ்அப் கால் போட்டேன். "அவங்க இஷ்டம்டி. இங்க எல்லாரும் அவங்கவங்க மனசுப்படிதான் போடுறாங்க" என்றாள்.

பெரியம்மா தெப்பக்குளம் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடது கையில், இதயத்தின் நுனி தன்னைப் பார்த்து இருக்கும்படி போட்டுக்கொண்டார்.

"அவர் இன்னும் இங்கதானே இருக்காரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா மோதிரத்தைப் பார்த்து, "புதுசா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். பெரியம்மா கையை நீட்டிக் காட்டினார்.

"என் பொண்ணு அனுப்பினது. ரெண்டு கைன்னா நட்பாம். இதயம் அன்பாம். கிரீடத்துக்கு என்னடி சொன்னே?"